கண்ணுக்கு எஃப்.சி.

சுப்புராமன் டிராவல்ஸின் பழைய பேருந்துக்கு வருடத்தில் ஒரு நாள் மட்டும் எல்லாம் சரியாக இருக்கும். அன்று அதன் ஹாரன் அடிக்கும், வைப்பர் அசையும். முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சுகூட இருக்கும். மற்ற நாட்களில் எத்தனை பேர் தோள் கொடுத்தாலும் அசையாத அவசர வழிக் கதவு அன்று ஒரு விரலுக்குத் திறக்கும். அதுதான் எஃப்.சி. நாள். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிவந்து, அடியில் குனிந்து பார்த்து, இது இன்னும் ஒரு வருடம் ஓடத் தகுதியானது என்று கையெழுத்துப் போடும் நாள்.

டயர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருப்போரூரில் மெக்கானிக் ஏசுபாதத்தின் ஷெட்டில், தார்ப்பாய் போர்த்தி, ஆறு புது டயர்கள் இருந்தன. எஃப்.சி. டயர்கள் என்றே அவற்றுக்குப் பெயர். அந்த வட்டாரத்தில் எந்தக் கிழட்டு வண்டிக்கு எஃப்.சி. வந்தாலும் முந்தின நாள் அந்த ஆறும் ஏறும், மறுநாள் இறங்கும். சாலையில் ஓடியதைவிட அவை இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றதே அதிகம்.

இந்த வித்தையில் டிரைவர் ராஜேந்திரனை மிஞ்ச ஆள் கிடையாது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை செய்கிறவர்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் கொண்டுவருவது அவர் வேலை. எஃப்.சி. அன்று மட்டும் அவர் குளித்து, விபூதி பூசி, காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார். ஒரு தடவைகூட அவர் காட்டிய வண்டி திரும்பி வந்ததில்லை. "அண்ணாத்த, நீ பொணத்துக்கே எஃப்.சி. வாங்கிக் குடுத்துடுவ" என்பான் ஏசுபாதம். ராஜேந்திரன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

1996ஆம் வருடம் தை மாதம், ஒரு மாலையில் கல்பாக்கத்திலிருந்து வண்டியை எடுத்து வரும்போது தெருவிளக்குகளைச் சுற்றி அவருக்கு வண்ண வளையங்கள் தெரிந்தன. சாமி படங்களில் தலைக்குப் பின்னால் போடுவார்களே, அந்த மாதிரி. இடது கண்ணை மூடினால் வளையம் இல்லை, திறந்தால் இருந்தது. கண்ணில் பெரிதாக வலி இல்லை. லேசான சிவப்பு, லேசான மங்கல், புருவத்துக்கு மேல் யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல ஒரு பாரம். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். நாலாம் நாள் அவர் மனைவி செங்கம்மாள் அவரைச் செங்கல்பட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஓர் அறக்கட்டளை நடத்திய கண் ஆஸ்பத்திரி இருந்தது.

டாக்டர் லக்ஷ்மிநாராயணனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கண்ணில் மஞ்சள் மருந்து விட்டு, நீல வெளிச்சம் காட்டும் ஒரு கருவியை இடது கண்ணில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் சிரித்தால், நமக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அல்லது அவருக்கு ஏதோ கிடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

"கண்ணுக்குள்ள இருக்கிற நீரோட அழுத்தம் நாற்பத்தெட்டு. இருபத்தொண்ணுக்குள்ள இருக்கணும்" என்றார். "உள்ளே லேசா ஒரு அழற்சியும் இருக்கு. ரெண்டும் சேர்ந்து, ஒரே கண்ணுல, திடீர்னு வரும். தானா போகும். மறுபடி வரும். ரொம்ப அபூர்வம், ராஜேந்திரன். போஸ்னர் ஷ்லாஸ்மன்னு பேரு. படிச்சு முடிச்சு ஏழு வருஷத்துல இப்பதான் ஏழாவது ஆளைப் பார்க்கிறேன்."

தன் வாழ்க்கையில் எதிலும் அபூர்வம் என்று பெயர் வாங்கியிராத ராஜேந்திரன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டாக்டர் ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். மொத்தம் பன்னிரண்டு நோயாளிகள். மூன்று மாதத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வர வேண்டும். "உங்க மேல புதுசா எந்த மருந்தும் சோதிச்சுப் பார்க்க மாட்டோம். வழக்கமான வைத்தியம்தான். இந்த வியாதி எப்படிப் போகுதுன்னு நாங்க கூடவே இருந்து பார்த்துக்கிட்டே இருப்போம்."

"பாத்துகினே இருந்தா எப்டி சார் சரியாவும்?" என்று கேட்டாள் செங்கம்மாள்.

டாக்டர் ஆராய்ச்சி முறைகளைப் பற்றி நாலு நிமிடம் விளக்கினார். அதில் பதில் இருந்திருக்கலாம். கடைசியாக ஒரு சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து வைத்து, அடுத்த தேதியை அட்டையில் எழுதிக்கொண்டே, "மறுபடி வளையம், மங்கல் எது வந்தாலும் அன்னிக்கே இதை விட ஆரம்பிச்சுட்டு அன்னிக்கே இங்க வந்துடணும். அதான் ரொம்ப முக்கியம்" என்றார். சொன்னதென்னவோ உண்மை. ஆனால் ராஜேந்திரனின் கவனம் முழுக்க அட்டையில் விழுந்த தேதியின் மேலிருந்தது. தேதி போட்டு வரச்சொல்லிச் சோதிப்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

"தொழில்?" என்றார் டாக்டர்.

 ராஜேந்திரனுக்கு உலகநாதன் ஞாபகம் வந்தார். சுப்புராமனிடம் அவருக்கு முன்னால் வண்டி ஓட்டியவர். மாமல்லபுரத்தில் நடந்த ஓர் இலவசக் கண் முகாமுக்குப் போய், டிரைவர் என்று உள்ளதைச் சொல்லி, கண்ணில் புரை இருக்கிறது என்று சீட்டு எழுதி வாங்கி, அந்தச் சீட்டை முதலாளியிடமும் காட்டியவர். மறுநாள் காலை வண்டிச் சாவி அவர் கையில் இல்லை. புரையை எடுத்துவிட்டார்கள், பார்வையும் திரும்பிவிட்டது, சாவி திரும்பவில்லை.

"தோட்ட வேலை சார்" என்றார் ராஜேந்திரன். "மாமல்லபுரத்துல, ஓட்டல்ல."

செங்கம்மாள் திரும்பி அவரைப் பார்த்தாள். டாக்டர் எழுதிக்கொண்டார். ஏழாம் நம்பர், ஆண், வயது முப்பத்தைந்து, தோட்டக்காரர். ஆராய்ச்சி தொடங்கியது.

அந்தச் சொட்டு மருந்து விட்ட ஐந்தாம் நாள் கண் தெளிந்துவிட்டது. பாட்டிலில் முக்கால்வாசி மீதி. அதை ராஜேந்திரன் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் செருகி வைத்தார். சித்திரையில் மறுபடி வளையம் வந்தபோது செங்கம்மாள் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"இப்ப எதுக்கு? செவ்வாக்கெழமைக்கு இன்னும் இருவது நாள் கீது."

"கண்ணு இப்பதானேயா கெட்டுப் போயிருக்குது?"

"கெட்டது தானா சரியாவும்னு அவரே சொன்னாரு. மருந்த இப்ப தீத்துட்டு, அன்னிக்கி அந்த மெசின் முன்னால வெறுங்கண்ணோட போயி குந்தச் சொல்றியா?"

வளையம் ஆறு நாள் இருந்தது. ஆறு நாளும் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினார். பிறகு, திங்கட்கிழமை மாலை இரண்டு சொட்டு, செவ்வாய் காலை இரண்டு சொட்டு. எட்டு மணி நேரத் தூக்கம், குளியல், விபூதி, இஸ்திரிச் சட்டை. டாக்டர் நீல வெளிச்சத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "பதினாலு. பிரமாதம்" என்றார். புது பாட்டில் ஒன்றையும் கொடுத்தார்.

வெளியே வரும்போது ராஜேந்திரனின் நடையைப் பார்த்தவர்கள், அவர் யாரோ பெரிய இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறார் என்று நினைத்திருப்பார்கள். "இன்னா ஆச்சு?" என்று கேட்ட ஏசுபாதத்திடம், "பாஸு" என்றார். "போஸ்னர் சுலோச்சனா பாஸு." ஏசுபாதத்துக்கு அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு எட்டு வருடம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, "அண்ணாத்த, சுலோச்சனாவப் பாக்கப் போகலியா?" என்று கடைத்தெருவில் கேட்டு, தெரியாதவர்கள் மனதில் ராஜேந்திரனைப் பற்றி வேறொரு அபிப்பிராயத்தை உண்டாக்கிவந்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு குறிப்பு அட்டையும் கொடுத்திருந்தார்கள். இடைப்பட்ட நாட்களில் வளையமோ மங்கலோ வந்தால் தேதி எழுத வேண்டும். ராஜேந்திரன் ஒவ்வொரு முறையும் நல்ல கையெழுத்தில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். நல்ல வண்டியின் புகார்ப் புத்தகம் காலியாகத்தான் இருக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பக்கப் பார்வையைச் சோதிக்கும் ஒரு மெஷினும் உண்டு. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் தலையை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எங்காவது ஒரு புள்ளி மினுக்கினால் கையிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கு முன்னாலும் மெஷினுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் வருவதை ராஜேந்திரன் இரண்டாவது நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். இருபது வருடமாக இன்ஜின் சத்தத்தைக் கேட்டு வாழ்கிற காது அது. புள்ளி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் டிக்குக்கு ஓர் அழுத்து அழுத்தினார்.

"அண்ணா, சத்தத்துக்கு அழுத்தாதீங்க. வெளிச்சம் தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க" என்றாள் மெஷினைப் பார்த்துக்கொள்கிற பிரதீபா.

"வெளிச்சத்துக்குத்தாம்மா அழுத்துறேன்."

"வெளிச்சம் இல்லாதப்பவும் அழுத்துறீங்களே."

"எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியுது போலருக்கு."

பிரதீபா தாளின் ஓரத்தில் 'நம்பகமில்லை' என்று எழுதினாள். நம்பகமில்லாத தாள்களை ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாது என்பது விதி. டாக்டர் விதியை மீறாதவர். ஏழாம் நம்பரின் பக்கப் பார்வைத் தாள்கள் ஒன்றுவிடாமல் வெளியே வைக்கப்பட்டன. கண் நரம்பின் படத்தில், நரம்பு தேய்கிறது என்று காட்டும் நடுக்குழி வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகிவந்தது. 'பிறவியிலேயே சற்று அகலமாக இருக்கலாம்' என்று டாக்டர் கோப்பில் எழுதிவைத்தார். அழுத்தம் எப்போதும் பதினாலு, பதினைந்து என்று இருக்கும் கண்ணில் வேறென்ன நினைப்பது?

டாக்டர் நல்லவர். நோயாளியிடம் அன்பாக நாலு வார்த்தை பேசுவார். அவர் வீட்டில் ஒரு ரோஜாச் செடி இருந்தது. இலை சுருள்கிறது என்று ஒரு செவ்வாய்க்கிழமை சொன்னார். ராஜேந்திரன் தயங்காமல், "சாம்பல் போடுங்க சார்" என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை இலை கொட்டுகிறது என்றார். "இன்னும் போடுங்க." அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டர் ரோஜாவைப் பற்றிப் பேசவில்லை. ராஜேந்திரனும் கேட்கவில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு செடி செத்துக் கிடந்தது.

வருடங்கள் போயின. மாமல்லபுரத்தின் பக்கம் கடற்கரைச் சாலையை அகலமாக்கி ஈ.சி.ஆர். என்று பெயர் வைத்தார்கள். சுப்புராமனின் பேருந்துக்கு எட்டு எஃப்.சி. முடிந்தது. ராஜேந்திரனின் கண்ணுக்கு முப்பத்திரண்டு. இரண்டும் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

2004 பிப்ரவரியில் மாமல்லபுரத்தில் ஒரு கடலோர ஓட்டலில் கண் டாக்டர்களின் மாநாடு ஒன்று நடந்தது. காலையில் டாக்டர் லக்ஷ்மிநாராயணன் தன் எட்டு வருட ஆராய்ச்சியை வாசித்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியூர் டாக்டர்களைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப்போய் ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தைக் காட்டுவதாக ஏற்பாடு. வரவேண்டிய ஏ.சி. பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. கிடைத்ததை அனுப்பு என்று யாரோ சுப்புராமனுக்கு போன் செய்தார்கள்.

அன்று ராஜேந்திரனுக்கு வளையம் வந்து நாலாம் நாள். அடுத்த செவ்வாய்க்கு ஐந்து நாள் இருந்தது. பாட்டில் பானைக்கு அடியில் குளிர்ச்சியாக இருந்தது. கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்தினார். இருபத்தெட்டு கண் டாக்டர்கள் அவரைத் தாண்டி ஏறினார்கள். இரு தலைமுறைக் கண் வைத்தியத்தின் மொத்த அறிவும் அவர் முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் கடந்து போனது. ஒருவரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. வண்டியில் ஏறும்போது யாரும் டிரைவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, டாக்டர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

லக்ஷ்மிநாராயணன் முதல் வரிசையில், டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். "டிரைவர், ஏ.சி. இல்லையா?" என்று கேட்டார். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று ராஜேந்திரன் தலையை மட்டும் ஆட்டினார்.

திருக்கழுக்குன்றம் சாலையில் திரும்பியதும் பக்கத்து சீட்டுக்காரர் காலையில் வாசித்ததைப் பற்றிக் கேட்டார். ஆங்கிலமும் தமிழும் கலந்த பேச்சு. விஞ்ஞானிகளை ஏற்றிப் பழகிய ராஜேந்திரனுக்கு அது ஒன்றும் சிரமமில்லை.

"பன்னிரண்டு பேர்ல எனக்கு ரொம்பப் பிடிச்சவர் ஏழாம் நம்பர்தான்" என்றார் லக்ஷ்மிநாராயணன். "முப்பத்திரண்டு விசிட், ஒண்ணுகூட தவறினதில்ல. ஒரு தோட்டக்காரர், பாருங்க. அவ்வளவு ஒழுங்கு. முதல் நாளுக்கு அப்புறம் பிரஷர் ஒருதடவைகூட பதினாறைத் தாண்டினதில்ல."

"மறுபடி அட்டாக்?"

"முதல் தடவையோட சரி. அட்டையில அவரே எழுதித் தர்றார். நம்ம புத்தகங்கள்ல இந்த வியாதியைத் தேவைக்கு மேல பயமுறுத்தி வச்சிருக்காங்க. விட்டுட்டாலும் ஒண்ணும் ஆகாது. சாதுவான வியாதி."

ராஜேந்திரனுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை பெரிய சபையில் தன் பெயர், பெயர் இல்லையென்றாலும் நம்பர், நல்லபடியாக வந்திருக்கிறது. புருவத்துக்கு மேலே கட்டைவிரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. சாதுதான், பேசாமல் இரு என்று அதற்குச் சொல்லிக்கொண்டார்.

எதிரில் பாலாற்று மணல் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. மேலே தார்ப்பாய் கிடையாது. வலது ஜன்னலை உரசிக்கொண்டு அது கடந்த நொடியில் ஒரு பிடி மணல் கூலிங் கிளாஸின் ஓரத்தில் புகுந்து வலது கண்ணில் அறைந்தது. கண் இறுக மூடிக்கொண்டது.

சாலை காணாமல் போயிற்று.

இடது கண் திறந்துதான் இருந்தது. அதில் ஒரு சிறிய வட்டம், குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது போல. அந்த வட்டத்துக்குள் யாரோ ஒருவரின் சட்டைக் காலர். காலருக்கு மேலே தலை இல்லை, கீழே முதுகு இல்லை, சைக்கிள் இல்லை, சாலையோரம் இல்லை. சுற்றிலும் இருட்டுகூட இல்லை. ஒன்றுமே இல்லை. எட்டு வருடமாக வலது கண் தானே இரண்டு கண்ணின் வேலையையும் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறது.

ராஜேந்திரன் பிரேக்கை மிதித்தார். எஃப்.சி. முடிந்து ஏழு மாதமான பிரேக். எப்படியோ பிடித்தது. காலருக்குச் சொந்தக்காரர் தன் பின்னால் நடந்தது தெரியாமல் மிதித்துக்கொண்டே போய்விட்டார்.

"என்னப்பா, டயர் பஞ்சரா?" என்று பின்னாலிருந்து ஒரு டாக்டர் கேட்டார்.

"இன்ஜின் சூடாயிருக்கும்" என்றார் இன்னொருவர்.

ராஜேந்திரன் இன்ஜினை நிறுத்தினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க வரவில்லை. வலது கண்ணிலிருந்து நீர் வழிந்து மணலைக் கரைத்தது.  பிறகு அவர் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுத் திரும்பினார்.

"சார்" என்றார். "நான்தான் ஏழாம் நம்பரு."

லக்ஷ்மிநாராயணன் அந்த முகத்தைப் பார்த்தார். காக்கிச் சட்டையைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். ஆராய்ச்சி தொடங்கி எட்டு வருடத்தில் அவர் ஏழாம் நம்பரைக் கருவி இல்லாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு நடந்ததைக் கண் வைத்தியத்துக்குக் கிடைத்த மரியாதை என்றுதான் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு பேரில் பதினொரு பேரிடம் சட்டைப்பையில் டார்ச் இருந்தது. ராஜேந்திரனைச் சாலையோரப் புளிய மரத்தடியில் ஒரு கல்லில் உட்காரவைத்தார்கள். அபூர்வ வியாதி, அதுவும் அட்டாக் நடந்துகொண்டிருக்கும்போதே. சிலர் இதைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்தவர்கள். வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராக, குனிந்து பார்த்தார்கள். "கொஞ்சம் மேல பாருங்க. தேங்க்ஸ்." "கொஞ்சம் கீழ பாருங்க. தேங்க்ஸ்." ராஜேந்திரன் மேலேயும் கீழேயும் பார்த்துக்கொண்டே, லக்ஷ்மிநாராயணன் மட்டும் வரிசையில் நிற்காமல் பேருந்தின் பின் டயர் மேல் கைவைத்துக்கொண்டு நிற்பதைத் தன் நல்ல கண்ணால் கவனித்தார். அந்த டயர் தேய்ந்து நூல் தெரிந்தது.

வேறொரு வண்டி வந்து எல்லோரையும் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோயிற்று. அன்று மாலை ஆஸ்பத்திரியில் அழுத்தம் பார்த்தார்கள். ஐம்பத்து நாலு. படுக்கையில் சேர்த்து, ஊசியும் மாத்திரையும் கொடுத்து இறக்கினார்கள். மறுநாள் காலை பிரதீபா அவரைக் கிண்ண மெஷின் முன்னால் உட்காரவைத்து, இரண்டு காதிலும் பஞ்சை வைத்து அடைத்தாள். அரை மணி நேரத்தில் தாள் வந்தது. முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. ஓரத்தில் பிரதீபா 'நம்பகமானது' என்று எழுதினாள்.

பத்து மணிக்குச் செங்கம்மாள் வந்தாள். மாற்றுத் துணியும் சாப்பாடும் ஒரு பையில். இன்னொரு பையில் சுருட்டிக் கட்டிய மாதக் காலண்டர்கள், எட்டு வருடத்துக்கும். திருப்போரூர் மளிகைக் கடையில் பொங்கலுக்குக் கொடுப்பவை. வீட்டில் ஒரே ஆணியில் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, பழையதை அவள் கழற்றுவதே இல்லை.

டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அட்டாக் எத்தனை தடவை வந்துது ராஜேந்திரன்?"

"ரெண்டு மூணு வந்திருக்கும் சார்."

"இருவத்தி மூணு" என்றாள் செங்கம்மாள். காலண்டர்களைக் கட்டிலில் அவர் கால்மாட்டில் விரித்தாள். சில தேதிகளைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டிருந்தது. "மொதல் வருசம் மூணு. இதோ, ஆறு நாள், நாலு நாள், ஒம்பது நாள். போன வருசம் நாலு. வரவர நாள் ஜாஸ்தியாய்கினே போவுது, பாருங்க. போன ஆடி மாசம் பதினஞ்சு நாளு."

டாக்டர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"நீங்க எதுக்கும்மா இதைக் குறிச்சு வச்சீங்க?"

"வளையம் வந்துச்சுன்னா இந்தாளு வூட்ல பேஜாரு பண்ணுவாரு. சோத்துல உப்பு இல்லம்பாரு, கொழம்புல காரம்பாரு. அமாவாசைக்கி வருதான்னு பாக்கலாம்னு போட்டேன். ரெண்டு வருசம் பாத்தேன். அமாவாசைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"அப்புறமும் ஏன் குறிச்சீங்க?"

"அப்புறம் நிறுத்தறதுக்கு மனசு வரல."

ஆராய்ச்சிக்கு என்று ஒதுக்கிய பணம், மெஷின், மாநாடு எதுவும் இல்லாமல், ஒரு சந்தேகத்தை எழுப்பி, இரண்டு வருடம் கவனித்து, அது தப்பு என்று ஒப்புக்கொண்டு, அதற்குப் பிறகும் விடாமல் குறித்தவர் அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார். அவர் கேரியரைத் திறந்து ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன் என்கிட்ட காட்டல?" என்றார் டாக்டர், ராஜேந்திரனிடம். கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

ராஜேந்திரன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "காட்டினா கழிச்சி ஒதுக்கிடுவீங்களேன்னுதான் சார். கெட்டுப்போன வண்டிய யாராவது இன்ஸ்பெக்டருகிட்ட ஓட்டிகினு போவாங்களா?"

"நான் இன்ஸ்பெக்டர் இல்லையே."

"தேதி போட்டுக் கூப்ட்டீங்களே சார்."

 காலண்டர்களை எடுத்துக்கொள்ளலாமா என்று டாக்டர் கேட்டார். அவர் முகத்தில் எட்டு வருடத்துக்கு முந்தைய அந்தச் சிரிப்பின் ஓரம் லேசாகத் தெரிந்தது போலிருந்தது.

"ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க" என்றாள் செங்கம்மாள். "கேஸ் சிலிண்டரு மாத்துன தேதி, எம்பொண்ணு பெரியவளான தேதி எல்லாம் அதுலதான் கீது. அப்புறம் சார், கண்ணு இன்னா ஆவும்? அத்த மொதல்ல சொல்லுங்க."

போனது போனதுதான் என்று டாக்டர் சொன்னார். மிச்சமிருக்கிற பொட்டு போகாமல் காப்பாற்றலாம். அடுத்த வாரம் கண்ணுக்குள் நீர் வடிய ஒரு சிறு வழி செய்து அவரே ஆபரேஷன் செய்தார். நன்றாகவே செய்தார். மாநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதித் தன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆறு மாதத்தில் புதிய கட்டுரை தயாரானது. அதில் 'சாதுவான' என்ற சொல் இல்லை. கடைசிப் பக்கத்தில், குறிப்புகளைத் தந்து உதவிய 'நோயாளியின் குடும்ப உறுப்பினர் ஒருவருக்கு' நன்றி சொல்லியிருந்தது.

சாவியை ராஜேந்திரன் தானே கொண்டுபோய் சுப்புராமனின் மேஜையில் வைத்தார். "ரெண்டு கண்ணும் நல்லாத்தான கீது, வெளியில பாத்தா" என்றார் சுப்புராமன், வருத்தமாக.

"வெளியில நல்லாத்தாங்க கீது."

வேலைக்கு அலைந்ததில், மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலில் தோட்ட வேலை கிடைத்தது. கோப்பில் எட்டு வருடமாக இருந்த பொய் ஒன்று அப்படியாக நேரானது. சாம்பல் அதிகமானால் ரோஜா செத்துப்போகும் என்பதை அங்கே இரண்டாவது வாரத்தில் தெரிந்துகொண்டார்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை அந்தி. ராஜேந்திரன் குழாயைப் பிடித்துப் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஓட்டல் வாசல் விளக்கைப் போட்டார்கள். வலது கண்ணை மூடிப் பார்த்தார், இப்போது தினமும் அப்படிப் பார்ப்பது வழக்கம். மிச்சமிருந்த அந்தச் சின்ன வட்டத்துக்குள் விளக்கு இருந்தது. விளக்கைச் சுற்றி மெல்லியதாக ஒரு வளையம்.

வீட்டுக்குப் போனதும் பாட்டிலை எடுத்து ஒரு சொட்டு விட்டுக்கொண்டார். செங்கம்மாள் காலண்டரில் வட்டம் போட்டாள். காலையில் ராஜேந்திரன் குளிக்கவில்லை. முந்தின நாள் போட்ட, மண் அப்பிய சட்டையோடு முதல் பஸ் பிடித்து, ஜன்னலோரப் பயணியாகச் செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தார்.

பதிவு கவுண்டரில் புதிதாக ஒரு பெண் இருந்தாள். அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"இது ஆராய்ச்சி அட்டை. உங்க தேதி அடுத்த மாசம் பன்னெண்டு, செவ்வாய்க்கிழமைதானே. அன்னிக்கு வாங்க."

ராஜேந்திரன் அட்டையைத் திரும்ப வாங்கவில்லை.

"அன்னிக்கி கண்ணு நல்லா இருக்கும்மா" என்றார். "இன்னிக்கித்தான் ரிப்பேரு."

"டாக்டர் ஆபரேஷன்ல இருக்கார். வர எவ்வளவு நேரமாகும்னு தெரியாது."

"வரட்டும்."

அவர் போய், டாக்டரின் அறைக்கு நேர் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கூலிங் கிளாஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். சிவந்த கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி காத்திருந்தார்.